அடியெடுத்துக் கொடுத்தவள்

மேடையின் விளிம்பில் ஒரு குழி.
அதன்மேல் கவிழ்த்த சிப்பிபோல ஒரு மரமூடி.
உள்ளே நான், ஒரு முக்காலி, ஒரு மங்கல் பல்பு,
மடியில் பிரதி.
ஸமோரா நகரத்து அரங்கில் இருபத்தாறு வருடம்
நான் நாடகம் பார்த்ததே இல்லை;
காலணி பார்த்தேன்.

அரசனுக்குக் குதிகால் ஒருபக்கம் தேய்ந்திருக்கும்.
விதவையின் இடது பூட்ஸுக்குள் செய்தித்தாள் திணித்திருக்கும்.
வசனம் மறந்தால்
முதலில் கட்டைவிரல்தான் தோலுக்குள் சுருளும்.
அது போதும் எனக்கு.
பாதிச் சொல்லை மேலே எறிவேன்,
முழுதாக்கிக் கைதட்டு வாங்கிக்கொள்வார்கள்.

எவெலியோ தாபரா ஒத்திகைக்கு வந்தால்
மேடை ஏற மாட்டார்.
குழியருகே குந்தி உட்கார்ந்து
"இந்த வரி நாக்கில் நிற்கிறதா, எர்மினியா?" என்பார்.
கோதுமைக் கிடங்கில் கணக்கர்.
கவிதையை ரசீதுகளின் முதுகில் எழுதுவார்.
ஒருமுறை திருப்பிப் பார்த்தேன்:
முன்பக்கம், பார்லி நாற்பது மூட்டை, ஈரம் அதிகம்.
பின்பக்கம், செத்துப்போன தங்கையின் சீப்பு.
எது கவிதை என்று ஒரு கணம் குழம்பியது உண்மை.
மனைவியின் தையல் மிஷினை விற்ற காசில்
இருநூறு பிரதி அச்சடித்தார்.
நூற்றெழுபது, அவர் கட்டிலின் உடைந்த காலைத் தாங்கின.

ஐம்பத்திரண்டு, நவம்பர்.
அவருடைய மூன்றாவது நாடகம்.
டுவேரோ ஆற்றுப் படகோட்டி ஒருவன்
போர் நடந்த வருடங்களில், இரவில்,
யார் யாரை அக்கரை சேர்த்தான் என்ற கதை.
மாட்ரிட் போன பிரதி
சிவப்புப் பென்சிலோடு திரும்பி வந்தது.
நாற்பத்தொரு வரி போயிற்று.
மூன்றாம் அங்கம் பல்போன வாய்.

ஆனால் பென்சில் அடிக்கும், அழிக்காது.
கோட்டுக்குக் கீழே எழுத்து
தண்ணீருக்கடியில் கூழாங்கல்லாகத்
தெரிந்துகொண்டேதான் இருந்தது.

முதல் இரவு.
படகோட்டியின் மனைவியாக காசில்டா.
அவள் விரல் சுருண்டது.
தாளைப் பார்த்தேன்.
வெட்டிய வரிக்கும் விட்டுவைத்த வரிக்கும் நடுவே
என் மூச்சு ஒன்றுதான் இருந்தது.
எடுத்துக் கொடுத்தேன்:
"திரும்பி வருவதற்கும் சேர்த்துத்தானே கூலி வாங்கினாய்?
மீதியை யாரிடம் கொடுத்தாய்?"

காசில்டா சொன்னாள். நன்றாகவே சொன்னாள்.
அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை.
நவம்பரில், ஸமோராவில், யாரும் இருமாத அரங்கு
எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

மறுநாள் கதவில் பூட்டு.
காசில்டாவுக்கு அபராதம்.
வரி தானாக வாயில் வந்துவிட்டது என்றாள்,
மூன்று முறை கேட்டும் அதையே சொன்னாள்.
பிழை என்னுடையது என்று எழுதிக் கொடுத்து
தாபரா கிடங்கு வேலையை இழந்தார்.
என்னை யாரும் கேட்கவே இல்லை.
விசாரிக்க வந்தவர் குழியைத் தாண்டித்தான் நடந்தார்.
பழுப்புக் காலணி, புது லாடம்.

பிறகு அவர் நாவல் எழுதினார்.
"நாவலுக்கு விளக்கு வேண்டாம், திரை வேண்டாம்,
நீயும் வேண்டாம்" என்றார் சிரித்துக்கொண்டே.
நானும் சிரித்தேன்.
மூன்று நாவல். இரண்டாவதில்
நிலவறையில் ஒருத்தி இருக்கிறாள்,
சதா செருமுகிறாள்,
எழுத்துப்பிழையோடு கடிதம் போடுகிறாள்.
நான் செருமுவதில்லை. பிழையும் விடுவதில்லை.
இருபது பக்கம் கோபத்தில் படித்தேன்.
மீதியை மூன்று முறை படித்தேன்.

அறுபத்தொன்பதில் அடக்கம்.
மண்வெட்டி இறங்காத உறைந்த தரை.
என்னோடு பதினொரு பேர்.
பாதிரியார் ஊருக்குப் புதியவர், சின்ன வயது.
"நம் சகோதரர்..." என்றார்,
நின்றார்,
புத்தகத்தில் தேடினார்.
நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
விரல் சுருண்டது.

"எவெலியோ" என்றேன்.

பழக்கதோஷம். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.
பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்,
முதலில் என் முகத்தை, பிறகு கீழே.
காலணி முழுக்கச் சேறு.
காலையில் துடைத்துப் போட்டிருக்கலாம்.